தீராத வரிசை

சார்லஸ் டார்வின் எழுதி அனுப்பிய கடிதங்களில் 7,591, அவருக்கு வந்தவற்றில் 6,530 இன்றைக்கும் கணக்கில் இருக்கின்றன. ஐன்ஸ்டைனுக்கு இதே எண்கள் 14,512, 16,289. ஜோவோ ஒலிவேரா, ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இந்தக் கடிதங்களின் தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எதற்கு எத்தனை நாளில் பதில் போயிற்று என்று கணக்கிட்டு 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கிடைத்திருக்கும் ஆவணங்களின்படி டார்வின் தமக்கு வந்தவற்றில் 32 சதவீதத்துக்குத்தான் பதில் எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டைன் 24 சதவீதத்துக்கு. எழுதிய பதில்களில் பாதிக்கு மேல் பத்து நாளுக்குள் போய்விட்டன. மற்றவை மாதக்கணக்கில் கிடந்தன, சில வருடக்கணக்கில். ஐந்தாவது பரிமாணம் பற்றி தியோடர் கலூட்ஸா 1919இல் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைன் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தது 1921 டிசம்பரில்தான்.

இன்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் இந்த எண்கள் என் நினைவுக்கு வருகின்றன. நேற்று பார்த்துவிட்டு 'அப்புறம் எழுதலாம்' என்று விட்டவை, இரவில் வந்திறங்கியவற்றுக்கு அடியில் போய்விட்டிருக்கும். வங்கி அறிக்கை, மின்கட்டண ரசீது, கிரெடிட் கார்டு விளம்பரம், எப்போதோ ஒரு சட்டை வாங்கிய கடையின் தள்ளுபடி அழைப்பு, எனக்கும் ஒரு சிசி போட்டு அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட விவாதம். இவற்றுக்கு நடுவே ஒரு நண்பர் நிதானமாக உட்கார்ந்து எழுதிய நான்கு பத்தி மடல். எல்லாவற்றையும்விட அதிக நாள் காத்திருப்பது அந்த நான்கு பத்திதான். அதற்கு நன்றாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைப்பதாலேயே அது தள்ளிப்போகிறது.

இப்படித் தேங்குவதைச் சோம்பல் என்றோ ஒழுங்கின்மை என்றோ சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. இன்பாக்ஸ் ஒரு வரிசை. வரிசைகள் எப்படி நீள்கின்றன என்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலாகக் கணிதம் இருக்கிறது. நிற்பவர் நல்லவரா, வேலை செய்பவர் சுறுசுறுப்பானவரா என்றெல்லாம் அந்தக் கணிதம் கேட்பதில்லை. வருவது எவ்வளவு, முடிவது எவ்வளவு, எது முதலில் எடுக்கப்படுகிறது என்ற மூன்றை மட்டுமே கேட்கிறது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தோடு தொடர்பிலிருந்த ஆக்னர் எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் 1909இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தொலைபேசி அழைப்புகள் சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை. ஒரு நிமிடம் ஒன்றுமிருக்காது, அடுத்த நிமிடம் ஐந்து பேர் ஒன்றாக அழைப்பார்கள். இந்த ஒழுங்கின்மைக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை எர்லாங் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியை இன்பாக்ஸுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

ஒருவரால் நாளொன்றுக்குச் சராசரியாக 50 மெயில்களைப் படித்து, யோசித்து, பதில் எழுதி முடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வருவது சராசரியாக 25 என்றால், எப்போது எட்டிப் பார்த்தாலும் அவர் கையில் சராசரியாக ஒன்றுதான் இருக்கும். 40 வந்தால் 4 இருக்கும். 45 வந்தால் 9. 49 வந்தால் 49. வருகை 45இலிருந்து 49 ஆவதற்குள் தேக்கம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 50ஐ எட்டிவிட்டால் எல்லையே கிடையாது. வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தவறாகத்தான் படும். 50 முடிக்கத் திராணி உள்ளவருக்கு 49 வந்தால் ஏன் தேங்க வேண்டும்? மெயில்கள் சீராக வராததுதான் காரணம். காலை பத்து மணிக்குக் குவியலாக வருகின்றன, மூன்று மணிக்கு ஒன்றும் வருவதில்லை. அந்த மூன்று மணி ஓய்வைச் சேமித்து வைத்து மறுநாள் பத்து மணிக்குச் செலவழிக்க வழியில்லை. ஒரு மெயிலுக்கு அரை நிமிடம் போதும், இன்னொன்று ஒன்றரை மணி நேரத்தைத் தின்னும். திராணியின் விளிம்பு வரை வேலையை ஏற்றிவைத்தால், ஏற்ற இறக்கங்களை வாங்கிக்கொள்ள இடமே இருப்பதில்லை. நாள் முழுக்க உழைத்தும் இன்பாக்ஸ் குறையவில்லை என்று சொல்பவர் பெரும்பாலும் இந்த 49ஆம் எண்ணின் பக்கத்தில்தான் நிற்கிறார். அவரிடம் இன்னும் வேகமாகப் பதில் எழுதச் சொல்வது பாதி உதவி மட்டுமே.

மூன்றாவது கேள்வி, எது முதலில் என்பது. நம் ஊர் டாக்டர் கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். டோக்கன் வரிசைப்படிப் பார்த்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு காத்திருப்பார்கள். அவசர கேஸ்களை முதலில் அனுப்புவது என்று வைத்தால், பெரும்பாலோர் சட்டென்று உள்ளே போய்விடுவார்கள், ஆனால் அவசரமில்லாத சிலர் இரவு ஒன்பது மணி வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர்களைவிட அவசரமான ஒருவர் வந்துவிடுகிறார். பராபாசி 2005இல் தனியாக எழுதிய இன்னொரு நேச்சர் கட்டுரை, மெயிலுக்கு மனிதர்கள் பதில் அனுப்பும் நேரங்களை இந்த முன்னுரிமை விதியால் விளக்கியது. மிகப் பல பதில்கள் உடனே போகின்றன, ஒரு சில மிக மிக நீண்ட காலம் கிடக்கின்றன. நடுவில் ஒரு 'வழக்கமான காத்திருப்பு' என்று எதையும் சுட்ட முடிவதில்லை. வரைபடமாகப் போட்டால் நீண்ட வால்போலத் தெரியும் இந்த வடிவம் டார்வின், ஐன்ஸ்டைன் கடிதங்களிலும் இருந்தது, வால் சரியும் வேகம் மட்டும் வேறு.

இந்த விளக்கம் எதிர்ப்பில்லாமல் போய்விடவில்லை. டீன் மால்ம்கிரன், லூயிஸ் அமரால் முதலியோர் 2008இல், முன்னுரிமை விதியே தேவையில்லை, பகல்-இரவு, வேலைநாள்-விடுமுறை என்ற சுழற்சிகளாலேயே இந்த வடிவம் வந்துவிடும் என்று காட்டினார்கள். என் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பங்கு உண்டு என்று தோன்றுகிறது. வடிவம் இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. நண்பரின் நான்கு பத்தி மடல் அந்த நீண்ட வாலில்தான் கிடக்கிறது. அதில் கெடு கிடையாது, கோபித்துக்கொள்ளும் மேலாளர் கிடையாது. இன்று எழுதாவிட்டால் எதுவும் நின்றுபோகாது. அதனால் ஒவ்வொரு நாளும் அதைவிட அவசரமான ஒன்று முந்திக்கொள்கிறது.

வருகையின் பக்கம் வருவோம், ஏனென்றால் மெயிலின் கதையில் உண்மையில் மாறியது அதுதான். 1840க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் செலுத்தினார். கட்டணமும் தூரத்துக்குத் தகுந்தபடி ஏறும். ரோலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி, 1840 ஜனவரியில் நாட்டுக்குள் எங்கிருந்து எங்கு அனுப்பினாலும் ஒரு பென்னி என்ற முறை வந்தது. முன்கூட்டியே அனுப்புபவரே கட்டுவதுதான் மலிவு என்றும் ஆயிற்று. 1839இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840இல் ஏறத்தாழ 16.9 கோடியாயின. மக்கள் ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு பேச்சுக்காரர்களாக மாறவில்லை. அனுப்பும் செலவு இறங்கியது, வருகை ஏறியது. அவ்வளவுதான். டார்வின் தம் கிராமத்து வீட்டில் உட்கார்ந்தபடியே புறா வளர்ப்பவர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடிந்ததும் இந்த மலிவுத் தபாலால்தான்.

1971இல் ரே டாம்லின்சன், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாக முதல் வலையஞ்சலை அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அதோடு அனுப்பும் செலவு பூஜ்யத்தை நெருங்கியது. ஏழே வருடத்தில் அதன் விளைவு தெரிந்தது. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், புதிய கணினி ஒன்றின் செயல்விளக்கத்துக்கு வரச் சொல்லி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் தமக்குரிய இடத்தில் கொள்ளாமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்தன. இன்று ஸ்பேமின் வரலாறு எழுதுபவர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 1982 மார்ச்சில், கணினியியலாளர்களின் சங்கமான ஏசிஎம்மின் தலைவர் பீட்டர் டென்னிங், அச்சங்க இதழில் மின்வழிக் குப்பை என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். தகவலை உருவாக்குவதும் அனுப்புவதும் சுலபமாகிக்கொண்டே போகிறது, பெறுபவரைக் காப்பாற்ற யார் யோசிக்கிறார்கள் என்பது அவர் கவலையின் சாரம். இணையம் பொதுமக்களுக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே இந்தக் கவலை எழுந்துவிட்டது.

செலவை மீண்டும் அனுப்புபவர் தலையில் வைக்கும் முயற்சியும் நடந்தது. 1992இல் சிந்தியா ட்வொர்க், மோனி நாவோர் இருவரும் ஓர் அழகான யோசனையை முன்வைத்தார்கள். மெயில் அனுப்பும் கணினி ஒவ்வொரு மடலுக்கும் ஒரு சிறு கணக்குப் புதிரைத் தீர்த்துக் காட்ட வேண்டும். சில நொடி பிடிக்கும். பத்து மடல் அனுப்பும் சாதாரண மனிதருக்கு அது பொருட்டே இல்லை. லட்சக்கணக்கில் அனுப்புபவருக்குக் கட்டுப்படியாகாது. 1997இல் ஆடம் பேக் இதே வழியில் 'ஹாஷ்கேஷ்' என்ற கருவியைச் செய்தார். மெயில் உலகம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2008இல் பிட்காயினை விவரித்த கட்டுரை, ஹாஷ்கேஷைக் குறிப்பிட்டு, அதே 'வேலைக்கான சான்று' முறையைப் பயன்படுத்தியது. குப்பை மெயிலைத் தடுக்கப் பிறந்த யோசனை நாணயத்துக்குப் போய்ச் சேர்ந்தது, மெயில் இலவசமாகவே நின்றுவிட்டது. மெயிலின் உண்மையான விலையை இன்று பெறுபவர் தம் கவனத்தால் கட்டுகிறார். பென்னித் தபாலுக்கு முந்தைய ஏற்பாடு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு மெயிலை அழிப்பதும், அது வரும் பட்டியலிலிருந்து விலகுவதும் ஒரே வேலைபோலத் தெரியும். வரிசைக் கணிதத்தில் இரண்டும் வேறு வேறு. அழிப்பது, வந்துவிட்ட ஒன்றை முடிப்பது. விலகுவது, வருகை விகிதத்தையே நிரந்தரமாகக் குறைப்பது. 49இல் நிற்பவர் 45க்கு இறங்கினால் தேக்கம் எவ்வளவு சரியும் என்று மேலே பார்த்தோம். நாளுக்கு நான்கு மெயில், அவ்வளவுதான் வித்தியாசம். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் 2024இல் கட்டாயமாக்கியது. யாஹூவும் பெருமளவில் அனுப்புபவர்களுக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. இதற்குப் பிறகு, நாம் பெயர் அறிந்த நிறுவனங்களிலிருந்து விலகுவது முன்னைவிட எளிது. முன்பின் தெரியாத மோசடி மடல்களில் இருக்கும் 'விலக' இணைப்பைத் தொடவே கூடாது. அது முகவரி உயிரோடு இருப்பதை அவர்களுக்கு உறுதிசெய்துவிடும், அல்லது வேறெங்காவது கொண்டுபோய் விடும். அவற்றை ஸ்பேம் என்று குறித்து ஒதுக்குவதுதான் சரி.

நாம் அனுப்புவதும் வருகையைப் பெருக்குகிறது. இது பலர் கண்ணில் படாத பக்கம். ஒரு மெயில் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட மெயில்களைப் பிறப்பித்தால், தொற்றுநோய் பரவும் அதே கணிதத்தின்படி அது வெடிக்கும். 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மடல் தவறுதலாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய்விட்டது. 'என்னைப் பட்டியலிலிருந்து எடுங்கள்' என்று பலர் எல்லோருக்குமாகப் பதில் போட, ஒவ்வொரு பதிலும் அதே லட்சங்களுக்குப் போய்ச் சேர, அஞ்சல் அமைப்பே திணறியது. அலுவலகங்களில் இது சிறிய அளவில் தினமும் நடக்கிறது. ஒரு சந்திப்புக்கு நேரம் குறிக்க ஆறு பேருக்கு சிசி போட்டு 'உங்களுக்கு எப்போது வசதி?' என்று கேட்டால் பதினைந்து மெயில் பிறக்கும். 'வியாழன் மூன்று மணி, முடியாவிட்டால் வெள்ளி பதினொன்று' என்று எழுதினால் நான்கைந்தோடு முடிந்துவிடும். என் பழக்கங்களில் நான் உணர்ந்து மாற்றியவற்றுள் அதிகப் பலன் தந்தது இதுதான். கேள்வியை முடிந்தவரை முழுதாக எழுதுகிறேன், தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

இனி முடிக்கும் வேகம். இங்கேதான் மூளையின் இயல்பு உள்ளே வருகிறது. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜாக்சன் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களைக் கவனித்தார்கள். வந்த மெயில்களில் 70 சதவீதத்தை அவர்கள் ஆறு நொடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பி, விட்ட வேலையைப் பழைய வேகத்தில் பிடிக்கச் சராசரியாக 64 நொடி ஆயிற்று. ஒருமுறைக்கு இது சிறு தொகை. நாள் முழுக்கச் சேர்த்தால் பெரிய கடன். 2009இல் சோஃபி லெராய், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதைச் சோதனைகளில் காட்டி, அதற்குக் கவன எச்சம் என்று பெயரிட்டார். முந்தைய வேலை முடியாமல் கிடந்தால் எச்சம் கூடுதல். பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் மூடிய மெயில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். வரிசையை அடிக்கடி எட்டிப் பார்ப்பவருடைய முடிக்கும் திறனே குறைகிறது என்றால், 50 என்று நாம் வைத்துக்கொண்ட எண் 46 ஆகிவிட்டதாகப் பொருள். வருகை மாறாமலே வரிசை நீண்டுவிடும்.

அப்படியும் ஏன் எட்டிப் பார்க்கிறோம்? உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் இருவரும் 1957இல் வெளியிட்ட பெரிய நூல், புறாக்களைப் பல்வேறு பரிசு முறைகளில் கொத்தவைத்துப் பெற்ற முடிவுகளின் தொகுப்பு. எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால் புறா ஓயாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பிறகும் நெடுநேரம் விடவில்லை. இன்பாக்ஸில் பத்தில் எட்டு முறை ஒன்றுமில்லை, ஒரு முறை விளம்பரம், ஒரு முறை நாம் ஏங்கிக்கொண்டிருந்த செய்தி. எந்த முறை என்பது தெரியாது. புறாவின் நடத்தையை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்கும் உண்டு. இருந்தாலும் இந்தப் பழக்கம் மன உறுதி குறைந்தவர்களின் கோளாறு என்று சொல்வதைவிட, எந்த உயிரையும் பிடித்துவைக்கக்கூடிய ஓர் அமைப்புக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் சோதித்துப் பார்த்தார். 2012இல் வெளியான அந்த ஆய்வில் 13 அலுவலக ஊழியர்களுக்கு ஐந்து வேலை நாட்கள் மெயிலையே துண்டித்து, இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். மெயில் இல்லாதபோது அவர்கள் ஒரு வேலையில் கூடுதல் நேரம் நிலைத்தார்கள், திரைகளுக்கிடையே தாவுவது குறைந்தது, துடிப்பின் ஏற்ற இறக்கம் மன அழுத்தம் குறைந்ததைக் காட்டியது. 13 பேர் என்பது சிறிய எண். முழுத் துண்டிப்பு யாருக்கும் நடைமுறையில் கைகூடாது. அந்த விதத்தில் கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு அதிகம் பயன்படும். 124 பேரில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்க முயன்றார்கள், இன்னொரு வாரம் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்தார்கள். மூன்று முறை வாரத்தில் அன்றாட மன அழுத்தம் குறைந்தது. வந்த மெயில்கள் அதேதான். எட்டிப் பார்க்கும் முறை மட்டும் மாறியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாளுக்கு மூன்று முறை பார்ப்பேன் என்று முடிவெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. இரவு பத்தரைக்கு மேலாளர் அனுப்பிய மெயிலுக்குக் காலைவரை பதில் போடாத இளம் ஊழியர் அதற்கு விலை கொடுக்க நேரலாம். கணினியியலின் பெரும் ஆசானான டொனால்ட் க்னூத், ஏறத்தாழ 15 வருடம் மெயில் பயன்படுத்திவிட்டு 1990 ஜனவரி 1 முதல் அதை விட்டே விட்டார். தம் வேலைக்கு நீண்ட, இடையறாத ஆழ்ந்த படிப்பு தேவை என்பது அவர் காரணம். அவருக்கென ஒரு செயலாளர் இருந்தார். நமக்கு வருவதைப் பிரித்துத் தர அப்படி யாரும் கிடையாது. எனவே தனிப்பட்ட ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயமாகிவிடும். பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. இந்தியாவில் சுப்ரியா சுலே 2018இல் இதே நோக்கத்தோடு மக்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சிக்கல், இன்பாக்ஸை நாம் ஒரே வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. 1996இல் ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் இருவரும் லோட்டஸ் நிறுவனத்தில் 20 பேரின் மெயில் பழக்கத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே 'மெயில் பாரம்' என்ற பேச்சைத் துறைக்குள் கொண்டுவந்தது. கடிதப் போக்குவரத்துக்காகச் செய்யப்பட்ட பெட்டி, செய்ய வேண்டியவற்றின் பட்டியலாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆகிவிட்டது என்று அவர்கள் கண்டார்கள். சிலர் அன்றாடம் ஃபோல்டர்களில் அடுக்கினார்கள், சிலர் அவ்வப்போது வீடு ஒழிப்பதுபோல் ஒழித்தார்கள், சிலர் தொடவே இல்லை. நான் வெகுகாலம் அடுக்குபவர்கள் கட்சி. 2011இல் விட்டேக்கர் ஐபிஎம் குழுவினரோடு சேர்ந்து செய்த ஆய்வு என் கட்சியை மாற்றியது. 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுத்த 85,000க்கும் மேற்பட்ட முயற்சிகளைப் பதிவு செய்து பார்த்ததில், ஃபோல்டர்களில் கவனமாக அடுக்கி வைத்தவர்களுக்கு அதனால் தேடல் வெற்றி கூடவில்லை. தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியவர்கள் விரைவாக எடுத்தார்கள். அடுக்குவதற்குச் செலவான நேரத்தை வரிசையை முடிப்பதற்குத் திருப்பிவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. இப்போது முடிந்தவை எல்லாம் என்னிடம் ஒரே காப்பகத்துக்குள் போகின்றன. தேதியோ பெயரோ ஒரு சொல்லோ தட்டினால் வந்துவிடுகின்றன.

செய்ய வேண்டியவற்றின் பட்டியலாக இன்பாக்ஸ் இருப்பதுதான் மனத்தை அதிகம் உறுத்துகிறது. 1920களில் பெர்லினில், உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவிகளான ப்ளூமா ஸைகார்னிக்கும் மரியா ஒவ்ஸியான்கினாவும் பாதியில் நின்ற வேலைகளை ஆராய்ந்தார்கள். பாதியில் நின்றது நினைவில் கூடுதலாகத் தங்கும் என்ற ஸைகார்னிக்கின் முடிவு பிற்கால ஆய்வுகளில் உறுதியாக நிற்கவில்லை. பாதியில் விட்டதை மறுபடி எடுத்து முடிக்கும் உந்துதல் என்ற ஒவ்ஸியான்கினாவின் கண்டுபிடிப்பு அதைவிடத் தாக்குப்பிடித்திருக்கிறது. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் இதில் நடைமுறைக்கு உதவும் ஒன்றைக் கண்டார்கள். முடிக்காத வேலை மனத்துக்குள் குறுக்கிடுவதை நிறுத்த அதை முடித்தாக வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று திட்டவட்டமாகக் குறித்துவிட்டாலே குறுக்கீடு அடங்குகிறது. நண்பரின் மடலை இன்பாக்ஸிலிருந்து எடுத்து, 'ஞாயிறு காலை, காபிக்குப் பிறகு' என்று நாட்குறிப்பில் எழுதிவிடுகிறேன். முன்னுரிமை வரிசையிலிருந்து அதை வெளியே எடுத்தால்தான் அதற்கு முறை வருகிறது. அவசரங்களோடு போட்டியிட வைத்தால் அது என்றைக்கும் தோற்கும்.

வடிகட்டிகளைப் பற்றி ஒரு தயக்கம் எனக்கு உண்டு. வருகையைக் குறைக்க எளிய வழி, தெரியாதவர்களின் மெயிலை மொத்தமாகத் தடுத்துவிடுவது. 2002இல் சொற்களின் நிகழ்தகவை வைத்து ஸ்பேமைப் பிரிக்கும் முறையைப் பரவலாக்கிய பால் கிரஹாம், குப்பை ஒன்றிரண்டு உள்ளே வருவதைவிட நல்ல மடல் ஒன்று குப்பைக்குள் போவது மிகப் பெரிய பிழை என்று வற்புறுத்தினார். அதன் கனம் நமக்கு நன்றாகப் புரிய வேண்டும். 1913 ஜனவரி 16 தேதியிட்ட ஒரு கடிதம் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவரிடமிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்குப் போனது. அறிமுகமில்லாத பெயர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, பக்கம் பக்கமாக நிரூபணமற்ற தேற்றங்கள். அந்த எழுத்தரான ராமானுஜன் அதற்கு முன் எழுதியிருந்த பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் உதவ முன்வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர்பெற்ற கணிதவியலாளர்களுக்கு அரைவேக்காட்டுக் கண்டுபிடிப்புகள் தபாலில் வந்துகொண்டிருப்பது அன்றும் சகஜம். ஹார்டிக்கும் முதலில் ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம்தான். ஆனால் கடிதம் வந்த அன்று மாலை சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படிக்க அவருக்கு நேரம் இருந்தது. பிப்ரவரி 8இல் பதில் எழுதினார்.

அந்த மாலை நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. 49இல் நின்றவரால் அதை ஒதுக்கியிருக்க முடியாது. வருகையைக் குறைப்பதும், எட்டிப் பார்ப்பதை மட்டுப்படுத்துவதும், ஃபோல்டர்களை விட்டொழிப்பதும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த உபரி நேரத்துக்காகவே. ஒரு மாணவி தன் ஆய்வுக்கு வழி கேட்டு எழுதியிருப்பார். ஒரு வாசகர் நான் எழுதிய கணக்கில் சந்தேகம் கேட்டிருப்பார். இவர்கள் யாரும் என் தொடர்புப் பட்டியலில் இல்லை. வாரத்தில் ஒரு மாலையை இவர்களுக்கென்று வைத்திருக்கிறேன், அதற்கு முன் ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை புரட்டிவிடுகிறேன். என்னால் உதவ முடியாதவர்களுக்கு அதைச் சொல்லி ஒரு வரி போகிறது, யாரிடம் கேட்கலாம் என்று தெரிந்தால் அந்தப் பெயரும் போகிறது.